குறைமாதக் குழந்தைக்கு மெல்லிய குழாய் வழியே சர்ஃபாக்டன்ட்: சிபாப் தோற்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

முப்பதுவாரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பிரிவில் சர்ஃபாக்டன்ட் (நுரையீரலின் காற்றறைகள் சுருங்காமல் காக்கும் மருந்து) கொடுப்பது இதுவரை பழைய முறையில்தான். மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டு, மருந்தைச் செலுத்தி, சற்று நேரம் காற்றழுத்திவிட்டு ட்யூபை எடுத்துவிட வேண்டும் என்பது திட்டம். ஆனால் ட்யூபை எடுக்கும் வேளை தள்ளிக்கொண்டே போகிறது. ஒரு மணி நேரம் என்று நினைத்தது இரண்டு நாள் வென்டிலேட்டராக முடிகிறது.

அதனால் லிசா முறைக்கு மாறப் போகிறோம். குழந்தை தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்க, சிபாப்பை (மூக்கு வழியே தொடர்ந்து காற்றழுத்தம் தரும் கருவி) எடுக்காமலேயே மெல்லிய குழாய் வழியே மருந்தைச் செலுத்தும் முறை. 26 முதல் 32 வாரக் குழந்தைகளுக்காகச் செயல்முறைத் தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். தெளிவு வேண்டிய இடங்கள் இவை:

சுவாசிக்கும் காற்றில் எந்த ஆக்சிஜன் அளவைத் தாண்டினால் கொடுப்பது? 30 சதவீதமா, 40 வரை பொறுக்கலாமா? எந்தக் குழாய், குரல்நாணைத் தாண்டி எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரத்தில் செலுத்துவது? மயக்க மருந்து கொடுக்கலாமா? எல்லாம் சரியாக நடந்தாலும் சில குழந்தைகள் அடுத்த சில மணி நேரத்திலேயே வென்டிலேட்டருக்குப் போவது ஏன்?

பாடப் புத்தகத்தில் இருப்பதைப் படித்துவிட்டேன். செய்யும்போது எங்கே சறுக்கும் என்பதுதான் வேண்டும். மருத்துவர்கள் மட்டுமல்லாமல் செவிலியர்களும் கருவிப் பராமரிப்பில் இருப்பவர்களும் சொன்னால் நல்லது.

இளந்தளிர் (பச்சிளங்குழந்தை மருத்துவர்)

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: 40 வரை பொறுக்க வேண்டாம். சிபாப் அழுத்தம் 6 செ.மீ. நீர் அளவிலோ அதற்கு மேலோ இருந்தும், சாச்சுரேஷனை (இரத்தத்தின் ஆக்சிஜன் நிறைவு, சதவீதத்தில்) 90 முதல் 94 வரை வைத்திருக்க 30 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் தேவைப்பட்டால், மூச்சுத் திணறல் நோய்தான் என்று மற்ற அறிகுறிகளும் சொன்னால், கொடுத்துவிடுங்கள். ஐரோப்பிய நெறிமுறையின் 2022 பதிப்பும் இதே எல்லையைத்தான் வைத்திருக்கிறது. 40 வரை பொறுத்தால் அதற்குள் சுருங்கிய காற்றறைகளில் புரதக் கசிவு சேர்ந்துவிடும். அந்தப் புரதமே பிறகு கொடுக்கும் சர்ஃபாக்டன்டின் வேலையைக் கெடுக்கும். இதே மருந்து, இதே அளவு, மூன்று மணி நேரம் முன்னால் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும் பலன் அப்போது கிடைக்காது.

ஆனால் அந்த 30 என்ற எண் உண்மையானதா என்று முதலில் பாருங்கள். வாய் திறந்து காற்று கசிந்துகொண்டிருந்தால் 35 சதவீதம் காட்டும். வாயை மூடி ப்ராங்கை (மூக்குத் துளையில் வைக்கும் சிபாப் முனை) சரி செய்தால் ஐந்தே நிமிடத்தில் 25க்கு இறங்கிவிடும். அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்டது மருந்தல்ல, சரியான ப்ராங். நுரையீரல் அல்ட்ராசவுண்ட் பார்க்கத் தெரிந்தவர் பணியில் இருந்தால் எண்ணுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. இரு பக்கமும் வெள்ளையாகத் தெரிந்தால் ஆக்சிஜன் ஏறும் முன்பே முடிவெடுக்கலாம்.

அளவு: சர்ஃபாக்டன்டில் இரண்டு வகை. போராக்டன்ட் என்றால் முதல் முறை கிலோவுக்கு 200 மி.கி. ஒரு மி.லி.யில் 80 மி.கி. இருப்பதால் கிலோவுக்கு 2.5 மி.லி. பெராக்டன்ட் என்றால் கிலோவுக்கு 100 மி.கி. அது மி.லி.க்கு 25 மி.கி.தான் என்பதால் கிலோவுக்கு 4 மி.லி. ஆகிவிடும். மெல்லிய குழாயில் இந்த வேறுபாடு பெரிது. 4 மி.லி. உள்ளே போகும்போது மேலே திரும்பி வருவதும் இதயத் துடிப்பு விழுவதும் அதிகம், அதனால் இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் லிசாவுக்குப் போராக்டன்டைத்தான் எடுப்பேன். இரண்டையும் ஒரே குளிர்பெட்டியில் வைத்திருக்கும் பிரிவுகள் மி.லி. கணக்கைக் குப்பிக்குப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போடும் தவறு அவசரத்தில் நடக்கக்கூடியது.

குப்பியைக் குலுக்காதீர்கள். 2 முதல் 8 டிகிரியில் இருந்ததை எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிட்டு, மெல்லத் தலைகீழாகத் திருப்பினால் போதும். குலுக்கினால் நுரைத்து, சிரிஞ்சில் பாதி காற்றுதான் வரும். சூடான நீரிலும் வைக்க வேண்டாம்.

இனி செய்முறை. மூச்சைத் தூண்டும் காஃபின் சிட்ரேட் கிலோவுக்கு 20 மி.கி. முன்பே போயிருக்க வேண்டும், 30 நிமிடத்தில் சொட்டாக. லிசாவின் அடிப்படையே குழந்தை தானாக மூச்சு விடுவதுதான். மூச்சை மறக்கும் குழந்தைக்கு இதைச் செய்தால் மருந்து தொண்டையில்தான் நிற்கும். (காஃபின் சிட்ரேட்டில் பாதிதான் காஃபின். 20 மி.கி. சிட்ரேட் என்பது 10 மி.கி. காஃபின். குப்பியில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்து எடுங்கள். இரு மடங்காகப் போவது இந்தக் குழப்பத்தால்தான்.)

குழாய்: இதற்கென்றே செய்த, சற்று விறைப்பான மெல்லிய குழாய் கிடைத்தால் எளிது, இடுக்கி தேவையில்லை. இல்லையென்றால் 5 ஃப்ரெஞ்ச் தடிமனுள்ள, பால் புகட்டும் குழாயை மேகில் இடுக்கியால் பிடித்து விடலாம். அதில் ஒரு சிக்கல் உண்டு. பால் புகட்டும் குழாய்களில் பக்கவாட்டுத் துளைகள் இருக்கும். நுனி உள்ளே இருந்தாலும் பக்கத் துளை குரல்நாணுக்கு மேலே நின்றால் மருந்து தொண்டையில் கொட்டும். நுனியில் மட்டும் துளை உள்ளதைத் தேடுங்கள், அல்லது பக்கத் துளைகளும் உள்ளே போகும்படி ஆழத்தைக் கணக்கிடுங்கள்.

ஆழம்: 25, 26 வாரத்துக்குக் குரல்நாணைத் தாண்டி 1 செ.மீ., 27, 28 வாரத்துக்கு 1.5, அதற்கு மேல் 2. அந்த இடத்தில் முன்கூட்டியே கருப்புக் கோடு போட்டுவிடுங்கள். உள்ளே பார்க்கும்போது கோடு குரல்நாணுக்கு நேராக நிற்க வேண்டும். கூடுதலாகப் போனால் மருந்து முழுக்க வலது நுரையீரலுக்குப் போய்விடும்.

குழாயின் உள்ளே எவ்வளவு மருந்து தங்கும் என்பதை அதே வகைக் குழாயில் தண்ணீர் நிரப்பி முன்பே அளந்து வையுங்கள். சிரிஞ்சில் மருந்துக்குப் பின்னால் ஒரு மி.லி. காற்றும் இழுத்துக்கொண்டால் கடைசித் துளி வரை குழந்தைக்குப் போகும். 800 கிராம் குழந்தைக்கு மொத்த மருந்தே 2 மி.லி. குழாயில் அரை மி.லி. நின்றுபோனால் நான்கில் ஒரு பங்கு வீண்.

லாரிங்கோஸ்கோப்பின் (குரல்நாணைப் பார்க்கும் கருவி) கத்தி 1 கிலோவுக்குக் கீழே 00, மேலே 0. ஒருவர் லாரிங்கோஸ்கோப், ஒருவர் சிபாப்பும் தலையும், மூன்றாமவர் மானிட்டரைப் பார்த்து எண்களைச் சத்தமாகச் சொல்வது. மூன்றாமவர் இல்லாமல் தொடங்காதீர்கள். இன்ட்யூபேஷனுக்கு வேண்டியது எல்லாம் (1 கிலோவுக்குக் கீழே 2.5, மேலே 3.0 ட்யூப், காற்றழுத்தும் டி-பீஸ், உறிஞ்சும் குழாய்) கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குழந்தையின் தலையில் தொப்பி, உடம்பு துணியில் சுற்றியபடி. வெப்பநிலை 36.5க்குக் கீழே போனால் மருந்தின் பலனும் குறையும்.

குழாய் உள்ளே போனதும் லாரிங்கோஸ்கோப்பை எடுத்துவிட்டு, குழாயை உதட்டோரத்தில் விரலால் பிடித்தபடி, வாயை மூடி, ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் சிறுசிறு அளவாகச் செலுத்துங்கள். குழந்தை மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தோடு பொருந்தினால் நல்லது. சாச்சுரேஷன் 80க்குக் கீழே இறங்கினாலோ துடிப்பு 100க்குக் கீழே விழுந்தாலோ நிறுத்திக் காத்திருங்கள், குழாயை எடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அரை நிமிடத்தில் திரும்பிவிடும். மூச்சே நின்றுவிட்டால் மட்டும் குழாயை எடுத்துவிட்டு மூக்கு வழியே காற்றழுத்தம். ஒரு முயற்சியில் 30 நொடிக்கு மேல் லாரிங்கோஸ்கோப்பை வாயில் வைக்காதீர்கள். இரண்டு, மூன்று முயற்சியில் கிடைக்காவிட்டால் கை மாற்றுங்கள்.

முடிந்ததும் வயிற்றுக் குழாயில் உறிஞ்சிப் பாருங்கள். வெள்ளையாகப் பால் போல வந்தால் மருந்து உணவுக்குழாய்க்குப் போயிருக்கிறது என்று பொருள். அதை எழுதி வைக்காவிட்டால், இரண்டு மணி நேரம் கழித்து "மருந்து கொடுத்தும் கேட்கவில்லை" என்ற தவறான முடிவுக்கு அடுத்த பணியாளர் வருவார்.

கங்குல் (செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவு)

சில குழந்தைகள் வென்டிலேட்டருக்குப் போவது ஏன் என்று முப்பதுவாரம் கேட்ட கடைசிக் கேள்விக்கான விடை பெரும்பாலும் படுக்கையருகில்தான் இருக்கிறது. மருந்து நுரையீரலைத் திறக்கும், திறந்ததைத் திறந்தபடி வைத்திருப்பது சிபாப். மருந்து கொடுத்த கையோடு சிபாப் கசிந்தால் காற்றறைகள் மீண்டும் மூடிக்கொள்ளும்.

ப்ராங் அளவு: மூக்குத் துளையை நிறைக்க வேண்டும், ஆனால் தோல் வெளுக்கக் கூடாது. சின்னதாக இருந்தால் காற்று கசியும் என்று ப்ராங்கை உள்ளே அழுத்தி வைப்பார்கள், அதுதான் மூக்கு நடுத்தண்டைத் தின்றுவிடும். ப்ராங்கின் குறுக்குப் பட்டைக்கும் நடுத்தண்டுக்கும் இடையே 2 மி.மீ. இடைவெளி எப்போதும் தெரிய வேண்டும். ஒவ்வொரு முறை குழந்தையைத் தொடும்போதும் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் அன்றே மாஸ்க்குக்கு மாற்றி, பிறகு மாறி மாறி வைக்கலாம். தோல் உரிந்த பின் எதைத் தடவியும் பயனில்லை, அழுத்தத்தை எடுப்பதுதான் மருந்து.

தொப்பி பற்றி யாரும் பேசுவதில்லை. தளர்ந்த தொப்பி பின்னால் நகர்ந்தால் குழாய்களும் நகரும், ப்ராங் மூக்கை மேல்நோக்கி இழுக்கும். புருவத்துக்குச் சற்று மேலே வரை, காதுகள் மடங்காமல், இறுக்கமாக இருக்க வேண்டும். தலை சுற்றளவை அளந்து அளவு எடுங்கள், கண்ணால் பார்த்து எடுக்காதீர்கள்.

கழுத்துக்கடியில் சிறு துணிச்சுருள். கழுத்து மடங்கினாலும் மூச்சுப்பாதை அடைபடும், மிகையாக நிமிர்ந்தாலும் அடைபடும். வாய் திறந்தே இருந்தால் தாடைப் பட்டை, ஆனால் அழும்போது வாயைத் திறக்க முடியும் அளவு தளர்வாக.

வயிறு உப்புவது சிபாப்பில் இயல்பு. வாய் வழிக் குழாயைத் திறந்து, பிஸ்டன் எடுத்த சிரிஞ்சை வயிற்றுக்கு மேலே நிறுத்தி வையுங்கள். பால் கொடுத்த பிறகு அரை மணி நேரம் மூடிவிட்டுத் திறக்கலாம். வயிறு உப்பியிருக்கிறது என்பதற்காக மட்டும் பாலை நிறுத்திவிடாதீர்கள். பித்த நிற வாந்தி, விறைத்த வயிறு, மலத்தில் இரத்தம் இவை இருந்தால்தான் அது வேறு கதை.

மருந்து கொடுத்த பிறகு முதல் பத்து நிமிடம் செவிலியர் நகரக் கூடாது. நுரையீரல் திறந்ததும் ஆக்சிஜன் தேவை வேகமாக விழும். 45 சதவீதத்தில் விட்டுவிட்டு எழுதப் போனால் சாச்சுரேஷன் 99ல் நின்றுகொண்டிருக்கும், அந்த நேரமெல்லாம் கண்ணின் விழித்திரைக்குக் கேடு. ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை 5 சதவீதமாக இறக்கிக்கொண்டே வாருங்கள். அலாரம் எல்லை கீழே 89, மேலே 95. குழந்தை 21 சதவீதத்துக்கு வந்துவிட்டால் மட்டும் மேல் எல்லையைத் தளர்த்தலாம். உணர்கருவி வலது மணிக்கட்டில்.

ஒரு மணி நேரத்துக்கு உறிஞ்ச வேண்டாம். பாதை அடைபட்ட அறிகுறி தெளிவாக இருந்தால் மட்டும் உறிஞ்சலாம்.

முனகல் சத்தம் மீண்டும் கேட்டால், விலா இடுக்கு உள்வாங்குவது கூடினால், மருத்துவரை அழைக்கும் முன் இதே வரிசையில் பாருங்கள்: சிபாப் பாட்டிலின் நீரில் குமிழ் வருகிறதா, ப்ராங் உள்ளே இருக்கிறதா, மூக்கு அடைத்திருக்கிறதா, வாய் மூடியிருக்கிறதா, கழுத்து நேராக இருக்கிறதா, வயிற்றுக் குழாய் திறந்திருக்கிறதா. ஒரு நிமிடம் கூட ஆகாது. இவை அனைத்தும் சரியாக இருந்தும் ஆக்சிஜன் ஏறினால் அப்போது அது நுரையீரலின் சிக்கல், உடனே அழைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மார்பு எழும்பி, ஆக்சிஜன் திடீரென்று ஏறினால் இந்த வரிசைக்கெல்லாம் நேரம் செலவிடாதீர்கள். விளக்கை அணைத்து, குளிர் ஒளிக் கருவியை மார்பில் வைத்துப் பாருங்கள். நியூமோதொராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே மார்பில் காற்று சேர்வது) என்றால் அந்தப் பக்கம் முழுக்கச் சிவந்து ஒளிரும்.

காற்றழுத்தமானி (மருத்துவக் கருவிப் பொறியாளர்)

வெளிவரும் காற்றைப் பாட்டில் நீரில் குமிழவிட்டு அழுத்தம் உண்டாக்கும் குமிழ் சிபாப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அழுத்தத்தைத் தீர்மானிப்பது, வெளிவரும் குழாயின் நுனி நீர் மட்டத்துக்குக் கீழே எத்தனை செ.மீ. மூழ்கியிருக்கிறது என்பதுதான். 6 என்று எழுதிய இடத்தில் குழாய் நிற்கிறது என்பதால் அழுத்தம் 6 என்று ஆகிவிடாது. ஆவியான நீர் வெளிமூச்சுக் குழாயில் குளிர்ந்து பாட்டிலில் சொட்டிக்கொண்டே இருக்கும், நீர் மட்டம் உயரும், அழுத்தம் 7, 8 என்று ஏறும். வழிந்தோடும் துளை உள்ள பாட்டில் என்றால் சிக்கல் குறைவு. இல்லாவிட்டால் ஒவ்வொரு பணி மாற்றத்திலும் மட்டத்தைக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

இதைவிட மறைவான சிக்கல் ஒன்று. வெளிமூச்சுக் குழாய் படுக்கைக்கும் பாட்டிலுக்கும் இடையே தொய்ந்து வளைந்திருந்தால் அந்த வளைவில் நீர் தேங்கும். குழந்தையின் மூச்சு அந்த நீரையும் தள்ளித்தான் வெளியே போக வேண்டும். பாட்டிலில் குமிழ் வழக்கம்போல வரும், மூக்கில் அழுத்தம் மட்டும் பல செ.மீ. கூடியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. குழாயைச் சரிவாக, தொய்வில்லாமல் பாட்டிலை நோக்கி இறங்கும்படி கட்டுங்கள். தேங்கியதைக் குழந்தையை நோக்கி ஒருபோதும் சாய்க்காதீர்கள். மூக்குக்கு அருகே அழுத்தமானி பொருத்த வாய் உள்ள குழாய்த்தொகுதியாக வாங்குங்கள். இந்த ஊகங்களெல்லாம் தேவைப்படாது.

காற்றோட்டம் நிமிடத்துக்கு 5 முதல் 8 லிட்டர் போதும். குமிழ் வரவில்லை என்றால் கசிவு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் காற்றோட்டத்தை 10, 12 என்று ஏற்றுவதுதான் பொதுவாக நடப்பது. கசிவு தானாக மூடும் கணத்தில், உதாரணமாகக் குழந்தை வாயை மூடும்போது, அந்தக் கூடுதல் ஓட்டம் முழுக்க மூக்கில் அழுத்தமாகிறது.

ஈரப்பதமூட்டி: காற்று குழந்தையை 37 டிகிரியில் சேர வேண்டும். வெப்பநிலை உணரி ரேடியன்ட் வார்மரின் கதிர் நேரே படும் இடத்தில் இருந்தால், காற்று சூடாக இருப்பதாக நினைத்து ஈரப்பதமூட்டி தன் சூட்டைக் குறைத்துக்கொள்ளும். அலாரம் அடிக்காது. வறண்ட காற்று போய், சில மணி நேரத்தில் மூக்கில் சளி கெட்டிப்படும். உணரியின் மேல் ஒளி எதிரொளிக்கும் மறைப்பு ஒட்டுங்கள். இன்குபேட்டரில் என்றால் உணரி வெளியே இருக்கும்படி அமையுங்கள்.

ப்ளெண்டர் (ஆக்சிஜனையும் காற்றையும் கலக்கும் கருவி): ஆக்சிஜன், காற்று இரண்டின் வரவு அழுத்தமும் ஏறத்தாழ 50 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். வேறுபாடு 20 தாண்டினால் அலாரம் ஊதும். அந்த அலாரத்தை அடக்குவது ஆபத்து, ஏனென்றால் அப்போது முகப்பில் 30 என்று இருந்தாலும் உள்ளே போவது வேறு அளவு. ஆக்சிஜன் பகுப்பாய்வியால் 21லும் 100லும் சரிபார்த்த பிறகே படுக்கைக்கு அனுப்புங்கள். 30 சதவீதத்தில் மருந்து கொடுப்பது என்று முடிவெடுக்கப் போகிறீர்கள், அந்த 30ஐச் சொல்வதே இந்தக் கருவிதான். ப்ளெண்டர் இல்லாமல் தூய ஆக்சிஜனில் குமிழ் சிபாப் ஓட்டுவதைவிட, ஒரு படுக்கையைக் குறைத்து ஒரு ப்ளெண்டர் வாங்குவது மேல்.

முப்பதுவாரம்

மிக்க நன்றி. தொய்வில் நீர் தேங்குவதும் உணரி விஷயமும் எங்கள் தாளில் இல்லவே இல்லை, சேர்க்கிறேன். மயக்க மருந்து பற்றி யாரும் தொடவில்லையே? அதோடு, முதல் மருந்து பலிக்காவிட்டால் இரண்டாவது எப்போது? சர்ஃபாக்டன்டோடு பூடெசொனைடு என்ற ஸ்டீராய்டு கலந்து கொடுப்பது பற்றியும் கேட்கிறார்கள்.

தென்றல்வழி (பச்சிளங்குழந்தை மருத்துவர்)

மயக்க மருந்தில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை, என் கருத்தைச் சொல்கிறேன். விழித்திருக்கும் குழந்தையின் வாயில் லாரிங்கோஸ்கோப் வைப்பது வலி. அதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் வலியைப் போக்கும் மருந்து மூச்சையும் குறைக்கும், இந்த முறைக்கோ குழந்தையின் சொந்த மூச்சு வேண்டும். ப்ரோபஃபோல் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குழந்தைகள் அமைதியாக இருந்தன, ஆனால் சாச்சுரேஷன் விழுவதும் மூக்கு வழி காற்றழுத்தம் தேவைப்படுவதும் கூடின. ஃபென்டனில் கிலோவுக்கு 0.5 முதல் 1 மைக்ரோகிராம் வரை சில பிரிவுகளில் கொடுக்கிறார்கள். கொடுத்தால் சில நிமிடம் எடுத்து மெதுவாக. வேகமாகத் தள்ளினால் மார்புச் சுவர் விறைத்து, பையாலும் காற்று போகாத நிலை வரும்.

28 வாரத்துக்குக் கீழே நான் பரிந்துரைப்பது: துணியில் நன்றாகச் சுற்றுவது, ஒருவர் கையால் தலையையும் காலையும் அணைத்துப் பிடிப்பது, நாக்கில் சுக்ரோஸ், அனுபவமுள்ள கை. துடித்து எதிர்க்கும் 30, 31 வாரக் குழந்தைக்கு ஃபென்டனில் சிறு அளவு, காற்றழுத்தத்துக்கு ஆயத்தமாக. துடிப்பு விழுவதைத் தடுக்க அட்ரோபின் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் கொடுப்பவர்களும் உண்டு. கற்றுக்கொள்பவர் செய்யும் நாளில் அது உதவும்.

இந்த முறையின் மேல் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதையும் தாளில் எழுதுங்கள். ஜெர்மனியின் கொலோனில் வளர்ந்து, டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் விறைப்பான குழாயாக எளிமையான முறை இது. 2021ல் வெளியான ஆப்டிமிஸ்ட் ஆய்வில் 25 முதல் 28 வாரக் குழந்தைகள் 485 பேர். ஒரு பிரிவுக்கு மெல்லிய குழாயில் சர்ஃபாக்டன்ட், மற்றதற்குத் திரை மறைவில் செய்வதுபோல் பாவனை மட்டும், சிபாப் தொடர்ந்தது. இறப்பு அல்லது நாள்பட்ட நுரையீரல் நோய் என்ற கூட்டு முடிவு 43.6க்கு 49.6 சதவீதம், அந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை. நாள்பட்ட நுரையீரல் நோயை மட்டும் பார்த்தால் 37.3க்கு 45.3, அது தெளிவான குறைவு. இறப்பு 10.0க்கு 7.8, உறுதியான வேறுபாடு இல்லை. ட்யூப் போட வேண்டிய தேவையும் நியூமோதொராக்ஸும் குறைந்தன. நல்ல முறைதான், ஆனால் 25 வாரக் குழந்தையைக் காப்பாற்றும் மந்திரம் என்று பெற்றோரிடம் சொல்லிவிட முடியாது.

சிபாப் மட்டுமே போதும் என்று நீண்ட நேரம் காத்திருப்பதற்கும் விலை உண்டு. 2008ல் வந்த காயின் ஆய்வில் 25 முதல் 28 வாரக் குழந்தைகள் 610 பேருக்குப் பிறந்த உடனே சிபாப் 8 செ.மீ. அல்லது ட்யூப். சிபாப் பிரிவில் நியூமோதொராக்ஸ் 9 சதவீதம், ட்யூப் பிரிவில் 3. அந்த ஆய்வில் சர்ஃபாக்டன்ட் தாமதமாகவே போனது. சிபாப்பின் நன்மையையும் மருந்தின் நன்மையையும் ஒரே குழந்தைக்குக் கொடுக்க முடிவதுதான் லிசாவின் சிறப்பு.

சாச்சுரேஷன் எல்லையைக் கீழே இறக்கினால் கண்ணுக்கு நல்லது என்று சிலர் 85 முதல் 89 வரை வைத்துப் பார்த்தார்கள். 2010ல் வந்த சப்போர்ட் ஆய்வில் கடுமையான விழித்திரை நோய் 17.9லிருந்து 8.6க்கு இறங்கியது உண்மை, ஆனால் இறப்பு 16.2லிருந்து 19.9க்கு ஏறியது. அதனால்தான் 90க்குக் கீழே குறிவைக்கக் கூடாது என்கிறோம்.

காஃபினைக் கொடுக்க மறக்கும் பிரிவுகளுக்கு 2006ல் வெளியான கேப் ஆய்வை நினைவூட்டுகிறேன். 500 முதல் 1250 கிராம் வரை 2006 குழந்தைகள். நாள்பட்ட நுரையீரல் நோய் காஃபின் பிரிவில் 36.3 சதவீதம், மற்றதில் 46.9. இந்தத் துறையில் இவ்வளவு எளிதாகக் கொடுத்து இவ்வளவு பலன் தரும் மருந்து வேறு அதிகம் இல்லை.

பூடெசொனைடு: வேண்டாம். 2024ல் வந்த பிளஸ் ஆய்வில் 28 வாரத்துக்குக் கீழே 1059 குழந்தைகள். சர்ஃபாக்டன்டோடு கலந்து கொடுத்தும், நாள்பட்ட நுரையீரல் நோயின்றிப் பிழைத்தவர்கள் எண்ணிக்கையில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. வழக்கமாகக் கலப்பதற்குக் காரணம் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இதெல்லாம் பிறந்த பிறகு செய்வது. தாய்க்குப் பிரசவத்துக்கு முன் பீட்டாமெத்தசோன் 12 மி.கி. 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, அல்லது டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. 12 மணிக்கொரு முறை நான்கு தடவை போயிருந்தால் லிசா தேவைப்படும் குழந்தைகளே குறைவார்கள். ஆய்வாளர்கள் லிகின்ஸும் ஹோவியும் 1972லேயே காட்டியது இது. உங்கள் தாளின் முதல் வரியில் "தாய்க்கு ஸ்டீராய்டு போனதா, எத்தனை மணி நேரம் முன்பு" என்ற கட்டம் இருக்கட்டும். மகப்பேறு பிரிவோடு பேச அது ஒரு வழி.

இளந்தளிர்

இரண்டாவது மருந்துக்குப் பதில். முதல் மருந்துக்குப் பிறகு ஆக்சிஜன் இறங்கி, பல மணி நேரம் கழித்து மெல்ல 30க்கு மேலே ஏறினால் அது இரண்டாவதற்கான குழந்தை. போராக்டன்ட் என்றால் கிலோவுக்கு 100 மி.கி., அதாவது 1.25 மி.லி., உற்பத்தியாளர் சொல்லும் இடைவெளி 12 மணி நேரம். பெராக்டன்ட் என்றால் அதே 4 மி.லி., குறைந்தது 6 மணி நேரம் கழித்து, முதல் 48 மணி நேரத்தில் மொத்தம் நான்குக்கு மேல் போகாமல்.

ஆனால் முதல் மருந்துக்கு ஆக்சிஜன் இறங்கவே இல்லையென்றால் இரண்டாவது குப்பியைத் திறக்காதீர்கள். எக்ஸ்ரே எடுங்கள். மருந்து வயிற்றுக்குப் போனதா, வலது பக்கம் மட்டும் போனதா, நியூமோதொராக்ஸா, நிமோனியாவா, இதய நோயா என்று தேடும் நேரம் அது. தாய்க்குப் பனிக்குடம் பல நாள் முன்பே உடைந்திருந்தால் நுரையீரல் வளர்ச்சிக் குறைவும் தொற்றும் பட்டியலில் மேலே வர வேண்டும். முதலில் நன்றாக இருந்து, இரண்டாம் மூன்றாம் நாளில் வாயில் இரத்தம் கலந்த நுரை வந்தால் நுரையீரல் இரத்தக் கசிவு. பிறந்த பின்னும் மூடாமல் திறந்திருக்கும் டக்டஸ் (இதயத்தருகே உள்ள இரத்தக்குழாய் இணைப்பு) பின்னணியில் இருக்கும், எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) பாருங்கள்.

லிசாவைக் கைவிட்டு ட்யூப் போடும் எல்லையையும் எண்ணாக எழுதிவிடுங்கள், இரவில் விவாதம் தேவைப்படாது. சிபாப் 7 அல்லது 8லும் மருந்துக்குப் பிறகும் ஆக்சிஜன் 40 தாண்டி நிற்பது, இரத்தத்தில் பிஎச் 7.20க்குக் கீழே போய்க் கார்பன் டை ஆக்சைடு 65 மி.மீ.க்கு மேல் இருப்பது, பையால் காற்றழுத்த வேண்டிய மூச்சு நிறுத்தம் மீண்டும் மீண்டும் வருவது. இதில் ஏதேனும் ஒன்று இருந்தால் ட்யூப் போடுங்கள். ட்யூபைத் தவிர்ப்பதே குறிக்கோள் என்று நினைத்து மூன்று மணி நேரம் திணறவிட்டால், தவிர்க்க நினைத்த நுரையீரல் காயம் அந்த மூன்று மணி நேரத்தில் வந்துவிடும்.

லாரிங்கோஸ்கோப்பில் தேர்ந்த கை எப்போதும் கிடைக்காத பிரிவுகளுக்கு: 1 கிலோவுக்கு மேலான முதிர்ந்த குழந்தைகளுக்கு 1ஆம் எண் லாரிஞ்சியல் மாஸ்க் (குரல்வளையின் மேல் பொருந்தும் மாஸ்க்) வழியே கொடுக்கலாம். அதற்குக் கீழே அந்த மாஸ்க் பொருந்தாது.

கங்குல்

தாளில் சேர்க்க இன்னும் இரண்டு கட்டம். ஒன்று, மருந்து கொடுக்கும் முன் ஆக்சிஜன் எவ்வளவு, முடிந்து 10 நிமிடம், 1 மணி, 6 மணி கழித்து எவ்வளவு. நான்கு எண்கள் வரிசையாக இருந்தால் இறங்கி ஏறியதா, இறங்கவே இல்லையா என்பது அடுத்த பணியில் வருபவருக்குப் பார்த்ததும் தெரியும். இரண்டு, வயிற்றிலிருந்து எத்தனை மி.லி. மருந்து திரும்பி வந்தது. தாளைக் குழந்தையின் படுக்கையிலேயே மாட்டி வையுங்கள், கோப்பில் வேண்டாம்.